போருக்கு ஒரு நாள் கூலி

எல்லையில் சண்டை தொடங்கிய மறுநாள் காலை, சோலைக்கொரை தேயிலை எஸ்டேட்டில் பேர் வாசிக்கும் மஸ்டர் களத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் சின்னராஜ் ஜெகதளாவிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, ஆளுக்கு ஒன்றாகத் தன் கையாலேயே கொடுத்தார். நம் விமானங்கள் குண்டு போட்டுவிட்டுத் திரும்பியதை அவர் சொல்லச் சொல்ல, இடுப்பில் மழைத்தாள் கட்டிக்கொண்டு நின்ற பெண்கள் கை தட்டினார்கள். ரேணுகாவும் தட்டினாள். லட்டையும் தின்றாள். பின்னால் அவளை நாட்டுக்கு ஆகாதவள் என்று பேசியவர்கள் இதை மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. யாராவது கேட்டால், "ஆமா, தட்டுனேன்" என்றுதான் சொல்வாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வயதிலிருந்து அந்த எஸ்டேட்டில்தான் கொழுந்து பறிக்கிறாள். கணவன் ராசு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் கூலியாகப் பெட்டி ஏற்றுகிறான். ஒரே மகள் கோயமுத்தூரில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள்.

பத்து நாளில் சண்டை முடிந்துவிடும் என்றார்கள். ஒரு மாதம் ஆயிற்று. இரண்டாவது மாதச் சம்பளச் சீட்டில் ஒரு நாள் கூலி குறைந்திருந்தது. சீட்டின் ஓரத்தில், பி.எஃப். பிடித்தத்துக்குக் கீழே, 'போர் நிதி' என்று புதிதாக ஒரு வரி. பல பேர் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தவர்கள் தொழிலாளர் லைன் வீட்டுக் குழாயடியில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். சத்தமாகப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. டிவியைப் போட்டால் சண்டை, பஸ்ஸில் ஏறினால் சண்டை. அந்த நேரத்தில் நானூற்றுச் சொச்ச ரூபாய்க்காக வாயைத் திறந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

அடுத்த வாரம் ஆபீஸ் வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். சண்டை முடியும் வரை மாதம் ஒரு நாள் கூலியை மனமுவந்து தருகிறேன் என்று அச்சடித்த தாள். மேனேஜர் சந்துரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சின்னராஜ் நின்று பேர் பேராகக் கூப்பிட்டார். பெண்கள் வரிசையாக வந்து, படிக்காமலே போட்டுவிட்டுப் போனார்கள். ரேணுகா தாளை எடுத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"என்ன ரேணுகாம்மா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்றார் சந்துரு. கெட்ட மனிதர் இல்லை. முப்பத்தைந்து வயது, பெண்களை எப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

"மனமுவந்துன்னு போட்டிருக்குதுங்க சார்."

"ஆமா."

"போன மாசமே பிடிச்சிட்டீங்களே. என் மனசு உவந்துச்சான்னு இந்த மாசந்தான் கேக்கறீங்க."

வரிசையில் பின்னால் நின்ற யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். சந்துரு பேனாவை மேசையில் வைத்தார்.

"எல்லாரும் போடறாங்கம்மா. நம்ம எஸ்டேட்டுக்குன்னு ஒரு பேரு இருக்குது. நாமளும் குடுத்தாத்தானே இது நம்ம சண்டைன்னு ஒரு நெனப்பு வரும்?"

"குடுத்தா எங்க சண்டைன்னா, எப்ப நிறுத்தலாம்ங்கறதையும் எங்களக் கேக்கணுமில்லீங்க சார்?"

சந்துரு பேனாவை மறுபடி கையில் எடுத்தார். சின்னராஜ் குறுக்கே புகுந்தார்.

"அவங்க சிலோன்காரங்க சார். இந்த நாட்டு மேல பாசம் எங்கிருந்து வரும்?"

ரேணுகாவின் காது சுட்டது. அவளுடைய அப்பா இலங்கையில் பதுளைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்து நான்கில், இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த கணக்கில், தலைமன்னாரில் கப்பலேறி இந்த மலைக்கு வந்தவர். அங்கே அவரை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே சிலோன்காரன் என்றார்கள். செத்துப் போகும் வரைக்கும் அதற்கு அவர் யாரிடமும் பதில் சொன்னதில்லை.

"அண்ணா," என்றாள் ரேணுகா. "எங்கப்பாவ இந்த நாட்டுக்காரன்னு கவர்மெண்டே எழுதி, சீல் வெச்சுக் குடுத்த பேப்பர் எங்க ஊட்டுல இருக்குது. உங்கப்பாவுக்கு அப்படி யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா? இருந்தா எடுத்துட்டு வாங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்."

தாளை மடிக்காமல், கசக்காமல், எடுத்த இடத்திலேயே வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு ஏறிப் போனாள்.

அன்று சாயங்காலம் ராசு வேலை முடிந்து வருவதற்குள் செய்தி அவனுக்கு எட்டியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"ஏம்புள்ள, ஒரு கையெழுத்துதான? போட்டுட்டுப் போறதுக்கென்ன?"

"கேக்காம எடுத்தாங்க. அதனாலதான் போடல."

"எனக்கு இப்ப தினமும் ஓ.டி. இருக்குது, தெரியுமில்ல? ரெண்டு மாசமா ரெட்டைச் சம்பளம். சண்டைன்னாலதான் வருது."

"தெரியுங்க. உங்களுக்கு ஒரு கையில குடுத்துட்டு எங்கிட்ட மறு கையில பிடுங்கறாங்க."

ராசு சட்டைப் பையிலிருந்து கேட் பாஸை எடுத்து மேசைமேல் வைத்தான். அட்டையில் அவன் போட்டோ இருந்தது. "இது ஒண்ண எடுத்துட்டாங்கன்னா முடிஞ்சுது. நீ பேசினதுக்கு என்னை விசாரிப்பாங்க." பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான்: "சண்டை நின்னாலும் எங்கள்ல பாதிப் பேர வெளிய அனுப்பிருவாங்க. நிக்க வேண்டாம்னுகூட சில நாள் தோணுது. நெனைக்கவே கேவலமாத்தான் இருக்குது. ஆனா தோணுது."

ரேணுகா அவன் முன்னால் டீயை வைத்தாள். அவன் உண்மையைச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை.

அவளுக்கு உண்மையில் வலித்தது பேச்சியம்மா பேசாமல் இருந்ததுதான். இருபது வருடமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பறிக்கிறவர்கள். பேச்சியம்மாவின் மகன் வினோத் ராணுவத்தில் இருந்தான். சண்டை நடக்கும் பக்கம்தான் எங்கேயோ. எந்த இடம் என்று அவனும் சொல்லவில்லை. இரண்டு நாளாகப் பேச்சியம்மா நாலு வரிசை தள்ளி நின்று பறித்தாள். மூன்றாம் நாள் பத்து மணி டீக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது, ரேணுகாவே எழுந்து அவளிடம் போனாள்.

"அக்கா, திட்டறதுன்னா திட்டிருங்க. இப்படி மூஞ்சியத் திருப்பிக்காதீங்க."

பேச்சியம்மா டீயை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு படபடவென்று கொட்டினாள்.

"எம்பையன் அங்க பனியில நிக்கறான். மூணு நாளா போன் இல்ல. நீ நானூறு ரூபாய்க்கு அழுவற! ஒரு நாள் கூலி போனா செத்தா போயிருவ?"

"வினோத்துக்கு வேணும்னு நீங்க கேட்டீங்கன்னா ஒரு மாசச் சம்பளத்தையும் குடுப்பேன். அவன் பள்ளிக்கூடம் போறப்ப சோறு ஊட்டிவிட்டவ நானு. ஆனா அந்தப் பேப்பர்ல வினோத் பேரு எங்கக்கா இருக்குது? அது சண்டைக்குக் குடுக்கறது. சண்டை எவ்வளவு நாளைக்கு நடந்தாலும் சரின்னு குடுக்கறது. அவன் எவ்வளவு நாள் அங்க நிக்கணும்? அது யாருக்காச்சும் தெரியுமா?"

பேச்சியம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். கீழே ஊட்டி ரயில் அருவங்காட்டைத் தாண்டும் கூவல் கேட்டது.

"கடைசியா போன்ல பேசினப்ப கேட்டான்," என்றாள் பேச்சியம்மா, குரல் இறங்கி. "ஊர்ல என்னம்மா பேசிக்கறாங்க, எங்க பக்கம் இருக்கறாங்களான்னு. எல்லாரும் உம்பக்கந்தான்டா, கையெழுத்தெல்லாம் போட்டுக் காசு குடுக்கறோம்னேன்."

"நெசமா சொன்னீங்களாக்கா?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் போட்டாங்களே."

"பயந்துக்கிட்டுப் போட்டாங்க. நீங்க மனசார போட்டீங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் பேப்பர்ல தெரியும்."

பேச்சியம்மா சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தாள். ஒன்றிரண்டு பேர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்யும் பெண்கள், என்ன பேச்சு என்று புரியாமலே, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படின்னா எல்லாரையும் கேட்டுப் பாக்கலாம்," என்றாள் பேச்சியம்மா. "எனக்கும் தெரியணும். அவன்கிட்ட பொய் சொல்லக் கூடாது."

மறுநாள் காலை மஸ்டர் களத்தில் மேகம் இறங்கி நின்றது. தொண்ணூற்றிரண்டு பேர். பேர் வாசித்து முடிந்து, யார் யார் எந்தக் காடு என்று சூப்பர்வைசர் சொல்ல ஆரம்பித்தபோது, ரேணுகா கையைத் தூக்கினாள்.

"சார், அஞ்சு நிமிஷம். ஒண்ணு கேட்டுட்டுக் காட்டுக்குப் போயிர்றோம்."

சந்துரு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா மறுபடியும்?"

"நாங்க சண்டை பக்கமா இல்லையான்னு கேக்கணுங்க. கையெழுத்தா இல்ல, கையத் தூக்கி. நீங்களே கேளுங்க."

"இது என்ன எலெக்‌ஷனா?" என்று சின்னராஜ் முன்னால் வந்தார். "சார், இதெல்லாம் விடக் கூடாது. வேலைக்கு அனுப்புங்க."

அப்போது பேச்சியம்மா வரிசையை விட்டு வெளியே வந்து ரேணுகாவின் பக்கத்தில் நின்றாள். "எம்பையன் மிலிட்டரியில இருக்கறான் சார். நாந்தான் கேக்கச் சொன்னேன். கேளுங்க." மகன் அங்கே நிற்கும்போது அவளை ஒருவரும் எதிர்த்துப் பேச முடியாது. சந்துரு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி. நம்ம நாடு சண்டை போடுறது சரிங்கறவங்க கையத் தூக்குங்க."

தொண்ணூற்றிரண்டு கையும் எழுந்தன. ரேணுகாவின் கையும்தான். சின்னராஜ் இரண்டு கையையும் தூக்கினார். சந்துருவின் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதானே?"

"அப்படியே தூக்கிட்டு நில்லுங்க, யாரும் இறக்க வேண்டாம்," என்றாள் ரேணுகா, எல்லோருக்கும் கேட்கும்படி. "இப்ப நான் கேக்கறேன். இந்தச் சண்டைக்கு மாசம் ஒரு நாள் கூலி பிடிப்பாங்க. எத்தனை மாசம்னு தெரியாது. அடுத்த மாசம் ரெண்டு நாளானாலும் ஆகும். அப்பவும் நடக்கட்டும், குடுக்கறேங்கறவங்க கைய இறக்காதீங்க. முடியாதுங்கறவங்க இறக்கிருங்க. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின் வரிசையில் ஒரு கை இறங்கியது. அதன் பக்கத்தில் ஒன்று. ஜார்க்கண்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் என்னவென்று கேட்டுவிட்டு இறக்கினாள். அவளோடு ஆறேழு பேர் இறக்கினார்கள். அப்புறம் தடுக்க முடியாத மாதிரி வரிசை வரிசையாக இறங்கின. சின்னராஜின் இரண்டு கையும் தன்னையறியாமல் பாதி இறங்கி, எல்லோரும் பார்ப்பதைக் கண்டதும் ஒன்று மட்டும் மறுபடி மேலே போயிற்று. களம் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர்கூடச் சிரித்துவிட்டார்.

மிச்சம் நின்றவை பதினொரு கைகள். பேச்சியம்மாவின் கை உயரமாக, விறைப்பாக நின்றது. அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் இறக்கவில்லை. ரேணுகாவின் கை எப்போதோ இறங்கியிருந்தது.

"இதுதானுங்க சார் கணக்கு," என்றாள் ரேணுகா. "பதினோரு பேரு மனசார குடுக்கறாங்க. அவங்களக் கும்பிடறேன். மத்தவங்க காசையும் மனசார குடுத்ததா எழுதாதீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுர்றேன். காசு கேக்கறதுக்கு முன்னால எங்களக் கேக்கணுங்கறவங்க?"

முதலில் எழுந்தது பேச்சியம்மாவின் கைதான். அதன்பின் எத்தனை கை என்று எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அன்று மதியத்துக்குள் ரேணுகாவுக்கு மெமோ வந்தது. வேலை நேரத்தில் தொழிலாளரைத் தூண்டியது, நாட்டு நலனுக்கு எதிராகப் பேசியது என்று இரண்டு குற்றம். மூன்று நாளைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அதுவரை வேலை கிடையாது. மெமோவைக் கொடுத்த ஆபீஸ் கிளார்க், "மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்கக்கா, முடிஞ்சுது" என்று அவள் காதோடு சொன்னார்.

மூன்று நாளும் அவள் வீட்டில் இருந்தாள். அத்தனை வருடத்தில் காய்ச்சல் இல்லாமல் வீட்டில் இருந்தது அப்போதுதான். பயமும் இருந்தது. மகளின் காலேஜ் பீஸ் அடுத்த மாதம். லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். இரண்டாம் நாள் சாயங்காலம் ராசு வந்து, நாற்காலியில் உட்காராமல் கதவிலேயே நின்றான்.

"கான்ட்ராக்டர் கேட்டாரு. உன் ஊட்டுக்காரம்மா சண்டைக்கு எதிரா கூட்டம் போட்டுதாமேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கூட்டமெல்லாம் இல்லீங்க, கேள்வி கேட்டான்னேன். மன்னிப்புக் கேக்கச் சொல்லுன்னாரு." ராசு கேட் பாஸைத் தடவிக்கொண்டே சொன்னான். "சொல்ல மாட்டேன்னுட்டேன். எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல."

ரேணுகா அவனையே பார்த்தாள். "உங்க வேலை?"

"நாளைக்கு வரச் சொல்லித்தான் இருக்கறாரு. பெட்டி ஏத்த ஆள் வேணுமில்ல." அவன் சிரிக்க முயன்றான், சிரிப்பு சரியாக வரவில்லை. "நீ எழுதறத எழுது."

அவள் மகளின் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, தன் கையாலேயே எழுதினாள்.

'மேனேஜர் அவர்களுக்கு. நாட்டுக்கு எதிராக நான் எதுவும் பேசவில்லை. என்னைக் கேட்காமல் என் கூலியைப் பிடித்தது தப்பு என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். என் கையெழுத்து இல்லாமல் பிடித்த ஒரு நாள் கூலியைத் திருப்பித் தர வேண்டும். நான் வேலைக்கு வரத் தயார். மன்னிப்புக் கேட்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை. ரேணுகா.'

கடிதத்தைக் கொடுக்க ஆபீஸுக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே கூட்டம் நின்றது. கையெழுத்துப் போட்ட பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். அவளைப் பார்த்து யாரும் கூச்சல் போடவில்லை. மேசையில் இருந்த தாள்களில் தங்கள் பேரைத் தேடி, ஒவ்வொருத்தியாக அடித்துக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேச்சியம்மா பேரைக் கண்டுபிடித்துக் காட்டினாள். அவள் பேர் மட்டும் அடிபடாமல் இருந்தது.

"உன் ஆளுங்க நல்லா வேலை வாங்கறாங்கடி," என்றாள் பேச்சியம்மா ரேணுகாவிடம். அந்த வாரத்தில் அவள் பேசிய முதல் சாதாரண வார்த்தை அது.

சந்துரு கோயமுத்தூர் தலைமை ஆபீஸுக்குப் போன் செய்தார். ஒரு மணி நேரம் பேசினார். கேட்காமல் கூலி பிடித்ததை லேபர் ஆபீஸரிடம் எழுதிக் கொடுத்தால் சிக்கல் எஸ்டேட்டுக்குத்தான் என்று அங்கே யாரோ சொல்லியிருக்க வேண்டும். மெமோவை வாபஸ் வாங்கியதாக அவர் சொல்லவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று மட்டும் சொன்னார். அடுத்த சம்பளத்தில் எல்லோருக்கும் ஒரு நாள் கூலி திரும்பி வந்தது. ரேணுகாவுக்கு ஏழாம் நம்பர் காடு போய், பதினாலாம் நம்பர் காடு வந்தது. செங்குத்துச் சரிவு, பாறைக்கு நடுவே செடி. காட்டெருமை இறங்கும் இடம். யாரும் விரும்பிப் போகாத காடு. ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ரேணுகா வேலைக்குத் திரும்பிய வாரக் கடைசியில் வினோத் போன் செய்தான். பேச்சியம்மா காட்டிலிருந்தே பேசினாள். "நல்லா இருக்கறயா சாமி? சாப்பிட்டயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீ கேட்டயே, ஊர்ல என்ன பேசிக்கறாங்கன்னு. எல்லாரும் உன் பக்கம் இருக்கறாங்கடா. சண்டை பக்கம் எல்லாரும் இல்ல. நான் தூக்கின கைய இறக்கல, உனக்காக. ரேணுகா இறக்கிட்டா. அவளும் உன் பக்கந்தான்." அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாதா மாதம் ஆபீஸுக்குப் போய் ஒரு நாள் கூலியைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தாள். ரசீது கேட்டு வாங்கினாள்.

நான்காவது மாதமும் சண்டை நடந்தது. லட்டு கொடுக்க யாரும் வரவில்லை. ஒரு நாள் காலை சந்துரு தானாகவே மஸ்டர் களத்தில் முன்னால் வந்து நின்றார். கையில் தாள் இல்லை.

"போர் நிதிக்குக் குடுக்க விருப்பப்படறவங்க பேரு குடுக்கலாம். கட்டாயம் இல்ல," என்றார். பிறகு அவர் கண் ரேணுகாவைத் தேடியது. "இப்ப கேட்டுத்தாம்மா வாங்கறேன்."

ரேணுகா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ரொம்ப சந்தோஷங்க சார். எத்தனை மாசத்துக்குங்க?"

"அது… யாருக்குங்க தெரியும்?"

"எதுக்குன்னு செலவு பண்றாங்க, எப்ப நிறுத்துவாங்க, அதையாச்சும் சொல்லியிருக்கறாங்களா?"

சந்துரு தலையை ஆட்டினார். இல்லை.

"தெரிஞ்சதும் வந்து கேளுங்க சார். யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் ரேணுகா.

கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, பதினாலாம் நம்பர் காட்டுக்கு ஏறத் தொடங்கினாள்.